வீட்டுத் திரையில் செவ்வியல் ஹாலிவுட்: பதிப்பும் பாடபேதமும்

பேசும்படம் தோன்றிய 1920களின் இறுதியிலிருந்து 1950களின் முடிவு வரை ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் எடுத்துத் தள்ளிய படங்களில் மிகப் பெரும்பாலானவை, திரையரங்குகளில் ஒரு சுற்று ஓடி முடிந்ததும் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்புடனேயே எடுக்கப்பட்டவை. ‘கான் வித் தி விண்ட்’ போன்ற ஒருசில படங்களே மறுவெளியீட்டுக்கு வந்தன. மற்றவற்றின் பிரதிகள் விநியோக அலுவலகத்துக்குத் திரும்பி, தேய்ந்தவை அழிக்கப்பட்டு, நெகட்டிவ் மட்டும் ஸ்டுடியோவின் சொத்தாகக் கிடங்கில் கிடந்தது. 1950களின் நடுவில் ஆர்கேஓ, வார்னர் முதலிய நிறுவனங்கள் தம் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்காகத் தொகுதி தொகுதியாக விற்ற பிறகு அவை அமெரிக்க வீடுகளுக்குள் வந்தன என்றாலும், நிலையம் வைத்த நேரத்தில், விளம்பரத்துக்காக வெட்டப்பட்டு, பெரும்பாலும் நள்ளிரவில் வந்தன. பிரெஞ்சு ஆய்வாளர் ரேமோன் பெல்லூர் 1975 இல் எழுதிய ஒரு கட்டுரையில், இலக்கிய விமர்சகர் தாம் பேசும் நூலிலிருந்து வரிகளை எடுத்துக்காட்ட முடிகிறது, திரைப்பட விமர்சகருக்கோ அவர் பேசும் பொருள் என்றும் கைக்கு எட்டாததாகவே இருக்கிறது என்று சுட்டியது இந்த நிலையைத்தான். டேவிட் போர்ட்வெல், ஜேனட் ஸ்டைகர், கிறிஸ்டின் தாம்சன் மூவரும் 1985 இல் வெளியிட்ட ‘தி கிளாசிக்கல் ஹாலிவுட் சினிமா’ என்ற பெருநூல், புகழ் பாராது தெரிவுசெய்த 100 படங்களை ஷாட் ஷாட்டாக ஆராய்ந்தது. அத்தகைய ஆய்வுக்கு ஆவணக் காப்பகங்களின் பிரதியும் படச்சுருளை நிறுத்தி ஓட்டும் மேசையும் வேண்டியிருந்தன, அவை ஒரு சாதாரணப் பார்வையாளருக்குக் கனவிலும் கிடைக்காதவை.

வீட்டு வீடியோ இந்தத் தடையை உடைத்தது என்பது பலரும் சொல்லிவிட்ட செய்தி. அந்த அளவுக்குக் கவனிக்கப்படாத இன்னொரு செய்தி உண்டு: நாடாவாகவும் தட்டாகவும் பார்வையாளர் கைக்கு வந்தது ஒருபோதும் ‘படம்’ அல்ல, படத்தின் ஒரு பதிப்பு. யாரோ ஒருவர் ஏதோ ஒரு பிரதியிலிருந்து, சட்டத்தின் வடிவம், வண்ணம், வேகம், ஒலி, நீளம் ஆகியவை பற்றிப் பல முடிவுகளை எடுத்து அதை உருவாக்கியிருக்கிறார். ஏட்டுச் சுவடிகளுக்கிடையே பாடபேதம் இருப்பதைப் போலவே இந்தப் பதிப்புகளுக்கிடையேயும் பேதங்கள் உண்டு; எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று தெரியாமல் பழைய ஹாலிவுட் படம் ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, பாடம் பாராமல் உரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸை 1975 இலும், ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ்ஸை 1976 இலும் ஜப்பானில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, இரண்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்துகொள்ளும் கருவிகளாகவே அறிமுகமாயின. பீட்டாமேக்ஸின் தொடக்க நாடா ஒரு மணி நேரமே ஓடியது, விஎச்எஸ் நாடா இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு முழுநீளப் படம் ஒரே கேசட்டில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தபோது இந்த வேறுபாடு பெரிதாயிற்று. அந்தக் கேள்வியை முதலில் வணிகமாக்கியவர் மிச்சிகன் மாநிலத்தில் மேக்னடிக் வீடியோ என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஆந்த்ரே பிளே என்பவர். ஸ்டுடியோக்களுக்கு எழுதிக் கேட்டு, 1977 இல் டுவென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களை நாடாவில் விற்கும் உரிமையைப் பெற்ற அவர், ஒரு கேசட்டுக்கு ஏறக்குறைய 50 டாலர் விலை வைத்தார். அந்த விலையில் வாங்குவோர் குறைவு என்பதை உணர்ந்து அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் நாடாக்களை வாடகைக்கு விடும் கடையைத் திறந்தார். வாங்கிய பொருளை வாங்கியவர் வாடகைக்கு விடலாம் என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் முதல் விற்பனைக் கோட்பாடு அவருக்குத் துணைநின்றது. இன்னொரு பக்கம், 1976 இல் யுனிவர்சலும் டிஸ்னியும் சோனிமீது தொடுத்த வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்து, 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று, பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது நியாயமான பயன்பாடே என்ற தீர்ப்புடன் முடிந்தது. எதிர்த்து வழக்காடிய ஸ்டுடியோக்களே அடுத்த சில ஆண்டுகளில் நாடா விற்பனையில் பெரும் பொருள் ஈட்டின.

இனிப் பாடபேதங்களுக்கு வரலாம். அவற்றில் மிகப் பரவலானதும் மிகக் கொடியதும் சட்டத்தின் வடிவம் பற்றியது. 1932 இல் ஹாலிவுட் ஏற்றுக்கொண்ட அகாதமி விகிதம் எனப்படும் அளவில், படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை 1.33 மடங்கு. எனவே ‘காஸபிளாங்கா’வோ ‘சிட்டிசன் கேன்’னோ வீட்டுப் பெட்டியில் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. தொலைக்காட்சியின் போட்டியைச் சமாளிக்க 1953 இல் ‘தி ரோப்’ படத்துடன் ஃபாக்ஸ் கொண்டுவந்த சினிமாஸ்கோப் முறையில் அகலம் 2.55 மடங்காக விரிந்தது, பிறகு 2.35 ஆக நிலைத்தது. 1959 இன் ‘பென்ஹர்’ 2.76 மடங்கு அகலம் கொண்டது. தொலைக்காட்சியால் தர முடியாததைத் தரவென்றே அகலப்படுத்தப்பட்ட இந்தப் படங்கள் கடைசியில் அதே பெட்டிக்குள் திணிக்கப்பட்டது வரலாற்றின் கொடுமைகளில் ஒன்று. 2.35 மடங்கு அகலமுள்ள சட்டத்தின் முழு உயரத்தையும் 1.33 திரையில் நிரப்பினால் படத்தின் பரப்பில் 43 விழுக்காட்டுக்கும் மேல் வெளியே போய்விடும். ‘பென்ஹர்’ விஷயத்தில் பாதிக்கும் மேலே போய்விடும்.

போவது எந்தப் பகுதி என்று முடிவுசெய்யும் வேலைக்குப் பான் அண்ட் ஸ்கேன் என்று பெயர். படச்சுருளை வீடியோவாக மாற்றும் டெலிசினி இயந்திரத்தின் முன் அமர்ந்த தொழில்நுட்பர், ஒவ்வொரு ஷாட்டிலும் சட்டத்தின் எந்தத் துண்டு முக்கியம் என்று தீர்மானித்து அதை மட்டும் எடுத்தார். பேசும் இருவர் இரு ஓரங்களில் நின்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செயற்கையாக நகர்ந்தார், அல்லது ஒரே ஷாட்டை இரண்டாக வெட்டி, இயக்குநர் வைக்காத வெட்டுகளை வைத்தார். 1954 இல் ஸ்டான்லி டோனன் இயக்கிய ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்தில் ஏழு சகோதரர்களையும் அவர்களுடைய இணைகளையும் அகன்ற திரையின் குறுக்கே வரிசையாக நிறுத்துவதே நடன அமைப்பின் அடிப்படை. அந்த வரிசையிலிருந்து யாரை விடுவது என்ற கேள்விக்குச் சரியான விடை எதுவும் கிடையாது. அந்தப் படம் படப்பிடிப்பின்போதே சினிமாஸ்கோப்பிலும் சாதாரணச் சட்டத்திலுமாக இருமுறை எடுக்கப்பட்டிருந்தது என்பதும், அந்த இரண்டாம் வடிவம் பல்லாண்டுகள் கழித்து டிவிடியில் முதல் வடிவத்துக்குத் துணையாக வந்தது என்பதும் வேறெந்த விளக்கத்தையும் விடத் தெளிவாக இழப்பின் அளவைக் காட்டுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, ஒரே பாட்டும் ஒரே கூட்டமும் இரு வேறு படங்களாகத் தெரியும்.

இதற்கு நேர்மாறான கேடும் நடந்தது. 1953 க்குப் பிறகு அகலத்திரை லென்ஸ் இல்லாமல் எடுக்கப்பட்ட படங்கள் பலவும் பழைய சட்டம் முழுவதிலும் பதிவாகி, திரையரங்கில் மட்டும் மேலும் கீழும் மறைப்பிட்டு 1.66 முதல் 1.85 வரையான விகிதத்தில் காட்டப்பட்டன. வீடியோவில் அந்த மறைப்பை நீக்கியதால், காட்ட நினைக்காத மேல்வெளியும் சில வேளைகளில் ஒலிவாங்கியின் நுனியும் கூடப் படத்துக்குள் வந்தன. பார்வையாளர் இதைப் படப்பிடிப்புக் குழுவின் கவனக்குறைவு என்று எண்ணினார், உண்மையில் கவனக்குறைவு பதிப்பாளருடையது.

முழுச் சட்டத்தையும் காட்டி, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை விடும் லெட்டர்பாக்ஸ் முறை நெடுங்காலம் வாங்குவோரின் எதிர்ப்பைச் சந்தித்தது. சிறிய பெட்டியில் படம் இன்னும் சிறிதாகிறது, கொடுத்த காசுக்குத் திரையின் பாதிதான் கிடைக்கிறது என்ற மனக்குறை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அந்தக் கறுப்புப் பட்டைகளுக்கடியில் எதுவும் மறைந்திருக்கவில்லை, பட்டையில்லாத நாடாவில்தான் இழப்பு இருந்தது என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்லப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. படம் பெட்டிக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு நாடாக்களின் தொடக்கத்தில் வழக்கமானது 1990களில்தான்.

அந்த விளக்கத்தில் லேசர்டிஸ்குக்கு உரிய இடம் பெரிது. 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் விற்பனைக்கு வந்த, கிராமபோன் இசைத்தட்டின் அளவுள்ள இந்த ஒளித்தட்டு பதிவுசெய்யும் வசதி இல்லாததால் பொதுச் சந்தையில் தோற்றது, ஆனால் விஎச்எஸ்ஸின் ஏறக்குறைய 240 வரிகளுக்கு எதிராக 400 வரிகளுக்கும் மேலான நுணுக்கத்தைக் கொடுத்ததால் சிறுபான்மைத் திரை ரசிகர்களிடம் வேரூன்றியது. அதன் ஒரு வகையில் தட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு வீடியோ சட்டம் என்ற கணக்கில் பக்கத்துக்கு 54,000 சட்டங்கள் பதிவாயின; எந்தச் சட்டத்திலும் அசையாமல் நிறுத்தலாம், எண்ணைத் தட்டி எந்தச் சட்டத்துக்கும் போகலாம். ஒரு பக்கம் 30 நிமிடமே ஓடியதால் இரண்டு மணி நேரப் படத்துக்கு மூன்று முறை தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியிருந்த சிரமத்தை அந்த வசதிக்காக ரசிகர்கள் பொறுத்துக்கொண்டனர். பெல்லூர் ஏங்கிய ‘எடுத்துக்காட்டும்’ வசதி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, முதன்முதலில் இங்கேதான் கைகூடியது.

1984 இல் கிரைட்டீரியன் நிறுவனம் தன் முதல் லேசர்டிஸ்குகளாக ‘சிட்டிசன் கேன்’னையும் 1933 இன் ‘கிங் காங்’கையும் வெளியிட்டது. தட்டில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. ‘கிங் காங்’ ஒற்றைத்தட ஒலியுள்ள படம் என்பதால் ஒரு தடம் காலியாகக் கிடந்தது. அந்தத் தடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பொறுப்பாளர் ரொனால்ட் ஹேவர், படம் ஓட ஓடக் காட்சிக்குக் காட்சி அது எப்படி எடுக்கப்பட்டது என்று பேசினார். டிவிடிகளில் பின்னாளில் வழக்கமாகிவிட்ட உரைத்தடம் பிறந்தது இப்படித்தான். மூலத்தின் பக்கத்திலேயே உரையும் ஓடும் இந்த ஏற்பாடு, திரைப்படத்தைப் படிக்கவேண்டிய பனுவலாக நடத்திய முதல் பொதுமக்கள் பதிப்பு என்று துணிந்து சொல்லலாம். அந்த நிறுவனத்தின் எட்டாவது வெளியீடான 1956 இன் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ லெட்டர்பாக்ஸ் முறையில் வந்தது, அதன்பின் அகலத்திரைப் படங்களுக்கு அதுவே அங்கு நெறியாயிற்று.

ஹேவர் வெறும் உரையாசிரியர் அல்லர். ஜார்ஜ் குக்கோர் இயக்கத்தில் ஜூடி கார்லண்ட் நடித்த ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ 1954 இல் 181 நிமிடப் படமாக அரங்கேறி, திரையரங்கு உரிமையாளர்களின் நெருக்கடியால் சில வாரங்களில் 154 நிமிடமாக வெட்டப்பட்டது. வெட்டிய காட்சிகளைத் தேடி வார்னர் கிடங்குகளை அலசிய ஹேவர், முழு ஒலித்தடம் எஞ்சியிருப்பதைக் கண்டறிந்து, சில காட்சிகளின் படத்தையும் மீட்டு, படம் கிடைக்காத இடங்களில் அந்த ஒலிக்கு மேலே படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்களை வைத்து 176 நிமிட வடிவத்தைத் தொகுத்தார். 1983 ஜூலையில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் அது திரையிடப்பட்டபோது, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்ட குக்கோர் இல்லை. பின்னர் வீடுகளுக்கு நாடாவிலும் தட்டிலும் போனது இந்த வடிவம். குரல்கள் பேசிக்கொண்டிருக்க அசையாத நிழற்படங்கள் தோன்றும் அந்த நிமிடங்கள், ஏட்டில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் நேர்மையான பதிப்பாசிரியரின் செயலுக்கு நிகரானவை. விடுபட்டதை மூடி மறைக்காமல், இங்கே ஒன்று இருந்தது என்று சொல்வதே அவற்றின் மதிப்பு.

எல்லாச் சீரமைப்பும் அத்தகைய நேர்மையுடன் நடந்ததாகச் சொல்ல முடியாது. ‘சிட்டிசன் கேன்’ படத்தின் மூல நெகட்டிவ் தீயில் அழிந்துவிட்டதால், 1941 இன் அப்படத்துக்கு ஒவ்வொரு வீட்டுப் பதிப்பும் வேறு பிரதிகளிலிருந்தே வந்தாகவேண்டும். அதில், தாய் தன் மகனை வங்கியாளரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சியில், முன்புறத்தில் மேசையும் பெரியவர்களும் இருக்க, வெகு பின்னே சன்னல் சட்டத்துக்குள் பனியில் சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவன் வாழ்வு முடிவாகும் நேரத்தில் அவன் அதை அறியாமல் கத்திக்கொண்டிருக்கிறான் என்பதே காட்சியின் பொருள்; ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்புறமும் பின்புறமும் ஒருசேரத் துல்லியமாகத் தெரியும் ஆழ்குவிய முறையை அதற்காகவே கையாண்டார். விஎச்எஸ் நாடாவின் குறைந்த நுணுக்கத்தில் அந்தச் சன்னல் வெளுத்துப்போய்ச் சிறுவன் ஓர் அசையும் புள்ளியானான். காட்சியின் ஆழம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியாக மட்டும் எஞ்சியது. 2001 இல் வந்த டிவிடியோ அதற்கு எதிர்த்திசையில் தவறியது. பழைய பிரதியின் கீறல்களையும் துகள்களையும் கணினி வழியே துடைத்தபோது, பெர்ன்ஸ்டைன் என்ற பாத்திரம் தன் அலுவலகத்தில் அமர்ந்து பேசும் காட்சியில் அவருக்குப் பின்னே சன்னலுக்கு வெளியே பெய்த மழையும் துடைக்கப்பட்டுவிட்டது. விரைந்து தோன்றி மறையும் கோடுகள் எல்லாம் பழுது என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு மழைத்தாரைக்கும் கீறலுக்கும் வேறுபாடு தெரியாது. 2011 இன் புளூ-ரே பதிப்பில் மழை திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் டிவிடியில் மட்டுமே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், தெளிவான வானத்தின் முன் அமர்ந்த பெர்ன்ஸ்டைனையே பார்த்தார்கள். குறைவான நுணுக்கமுள்ள பழைய பதிப்பை விட, பளிச்சென்று அழகாக இருக்கும் புதிய பதிப்பே ஏமாற்றக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வண்ணத்திலும் இதே சிக்கல் உண்டு. 1950களின் நடுப்பகுதி வரை வழங்கிய முச்சுருள் டெக்னிகலர் முறையில் ஒரே காமிராவுக்குள் மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் ஒருசேர ஓடி, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவுசெய்தன. பின்னர் சாயம் தோய்த்த அச்சுகளால் மூன்றும் ஒரே சுருளில் பதிக்கப்பட்டன. சாயம் மங்காது என்பது இதன் பெரும் நன்மை. ஆனால் பல்லாண்டுகளில் மூன்று நெகட்டிவ்களும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது உருவங்களின் விளிம்பில் நிறம் பிசிறும். வார்னர் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில், மூன்றையும் தனித்தனியே ஸ்கேன் செய்து கணினியில் இழைத்துப் பொருத்தும் முறையை உருவாக்கி, ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’, ‘கான் வித் தி விண்ட்’, ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ ஆகியவற்றை டிவிடியில் வெளியிட்டது. அவற்றின் அழகை மறுக்க முடியாது. ஆனால் 1930களின் பார்வையாளர் சாய அச்சில் கண்டிராத கூர்மை அது என்பதையும் மறுக்க முடியாது.

கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் வண்ணம் பூசிய 1980களின் முயற்சி வேறு வகை. எம்ஜிஎம் படத்தொகுதியை 1986 இல் வாங்கிய டெட் டர்னர் அதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியபோது, தம் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நிறம் பூசப்பட்டதை முதிய ஜான் ஹூஸ்டன் பகிரங்கமாகக் கண்டித்தார். அவர் இறந்த பின் ‘தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்’ படத்தின் வண்ணம் பூசிய வடிவத்தைப் பிரான்சில் ஒளிபரப்பும் முயற்சியை எதிர்த்து அவர் வாரிசுகள் வழக்குத் தொடுக்க, 1991 இல் அந்நாட்டின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் படைப்பாளியின் தார்மீக உரிமையை நிலைநாட்டியது. அமெரிக்காவில் 1988 இன் சட்டம் தேசியத் திரைப்படப் பதிவேட்டை உருவாக்கியதற்கும் இந்தச் சர்ச்சையே தூண்டுகோல்.

நிறமும் சட்டமும் சரியாக இருந்தாலும் வேகம் மாறக்கூடும் என்பதைப் பலர் அறியார். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. இந்தியா, இலங்கை, மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டங்கள் காட்டுவது. எனவே பால் முறை நாடாவிலும் டிவிடியிலும் படம் 4 விழுக்காடு விரைவாக ஓடியது. 119 நிமிடப் படமான ‘சிட்டிசன் கேன்’ இதில் ஏறக்குறைய 114 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தம் செய்யாவிட்டால் குரல்களும் இசையும் அரைச்சுருதிக்குச் சற்றுக் குறைவான அளவு உயர்ந்து ஒலிக்கும். சென்னையிலோ கொழும்பிலோ வீடியோ டெக்கில் பால் நாடாவைப் போட்டுப் பார்த்தவர்கள் ஹம்ஃப்ரி போகார்ட்டின் குரலை அவருடைய இயல்பான குரலை விட மெலிந்ததாகவே கேட்டார்கள். நொடிக்கு 24 சட்டங்களை அப்படியே ஏற்கும் புளூ-ரே வந்த பிறகே இந்த வேறுபாடு மறைந்தது.

எது மூலம் என்ற கேள்வி மிகக் கடுமையாக எழுவது ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தில். 1958 இல் யுனிவர்சல் வெளியிட்ட 96 நிமிட வடிவம் ஒன்று. 1970களில் கண்டெடுக்கப்பட்ட 108 நிமிட முன்னோட்ட வடிவம் இரண்டாவது. ஸ்டுடியோவின் வெட்டைப் பார்த்து வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பை அடியொற்றி 1998 இல் வால்டர் மர்ச் மறுதொகுப்புச் செய்தது மூன்றாவது. எல்லையூர்த் தெருவின் வழியே மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டின்றி நகரும் தொடக்க ஷாட், 1958 வடிவத்தில் பெயர்ப்பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் சுமந்து வருகிறது. மர்ச்சின் வடிவத்தில் எழுத்துகள் இல்லை, கடந்துபோகும் காரின் வானொலியும் மதுக்கூடங்களின் வெவ்வேறு இசைகளும் கலந்து காதில் விழுகின்றன. 1958 வடிவத்தில் பார்வையாளர் படம் தொடங்குவதற்குக் காத்திருக்கிறார், மர்ச்சின் வடிவத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடிப்பதற்குக் காத்திருக்கிறார். சட்டம் 1.37 ஆ, 1.85 ஆ என்பதிலும் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. பிரிட்டனின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா 2011 இல் வெளியிட்ட புளூ-ரே, மூன்று வடிவங்களையும் சட்ட விகிதங்களையும் சேர்த்து ஐந்து விதமாக ஒரே பெட்டியில் கொடுத்தது. முடிவைப் பார்வையாளரிடம் விட்ட இந்தப் பதிப்பை, ஒற்றை ‘இறுதி வடிவம்’ என்று முத்திரை குத்தி விற்கப்படும் எந்தப் பதிப்பை விடவும் உயர்ந்ததாகக் கருத இடமுண்டு.

உரிமை காலாவதியான படங்களின் கதி இதற்கு நேரெதிர். பழைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அப்படிச் செய்யத் தவறியதால் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1974 இல் பொதுவெளிக்கு வந்து தொலைக்காட்சிகளால் பெரும் புகழ் பெற்றது. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ இவ்வாறும், ‘ஷராட்’ சட்டப்படி வேண்டிய உரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியானதாலும் எவரும் அச்சிடக்கூடியவையாகி, எத்தனையாவது தலைமுறை என்று சொல்ல முடியாத பிரதிகளிலிருந்து மலிவு நாடாக்களாகக் குவிந்தன. பரவலும் தரமும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை.

1997 இல் அமெரிக்காவுக்கு வந்த டிவிடியின் வணிகம் பெருகிய ஆண்டுகளில் ஸ்டுடியோக்கள் சீரமைப்புக்குத் தாராளமாகச் செலவிட்டன. அந்த வணிகம் சரியத் தொடங்கியதும், 2009 மார்ச்சில் வார்னர் ஆர்க்கைவ் என்ற பெயரில், கேட்பவருக்கு மட்டும் தட்டில் எழுதித் தரும் திட்டத்தை 150 படங்களுடன் வார்னர் தொடங்கியது. கடை அலமாரிக்கு வர வாய்ப்பில்லாத இரண்டாம் நிலைப் படங்கள் பல அதனால் முதன்முதலாக வீடுகளுக்குள் வந்தன. இன்று இணையவழிச் சேவைகளில் அதே படங்கள் சில கிடைக்கின்றன, சில மாதங்களில் மறைகின்றன. கிடைக்கும்போதும் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஆண்டின் சீரமைப்பு, சட்டத்தின் விகிதம் என்ன என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. நல்ல தட்டுப் பதிப்புகளின் கையேட்டில் அந்தக் குறிப்பு அரைப் பக்கத்துக்கு இருக்கும்: மூல நெகட்டிவா, அதன் நேர்ப்பிரதியா, ஸ்கேன் செய்த நுணுக்கம் எவ்வளவு, ஒலி எந்தத் தடத்திலிருந்து வந்தது என்றெல்லாம் அது சொல்லும். ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வை 1996 இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் சீரமைத்தபோது காலடி ஓசை முதலிய ஒலிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்பதையும், 1958 இன் ஒற்றைத்தட ஒலி பின்வந்த பதிப்புகளில் தெரிவாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் அறிந்தவரே, தாம் கேட்பது எந்த ஆண்டின் காலடி என்று சொல்ல முடியும். ஆய்வு மாணவர் அந்தப் படத்தின் ஒலியமைப்பைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் ரிமோட்டில் ஒலித்தடப் பட்டியலைத் திறந்து பார்ப்பது, ஆய்வின் முதல் படி.